அரண்மனையை விட்டுப் போனவர்களும் எங்கள் ஊர் அக்கா தங்கச்சியும்

பிரிட்டிஷ் இளவரசர் ஹாரியும் அவர் மனைவி மேகனும் அரச குடும்பத்துப் பொறுப்புகளை விட்டு விலகி வருஷங்கள் ஓடிவிட்டன, எங்கள் தெருவில் மட்டும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு லண்டன் அரண்மனையைப் பற்றி உங்களுக்கு என்ன பேச்சு என்று கேட்கலாம். போனில் யூடியூப் வந்த பிறகு எல்லா வீட்டுப் பஞ்சாயத்தும் நம்ம வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அம்மாவும் பக்கத்து வீட்டு மதினியும் மத்தியான வேலை முடிந்து உட்கார்ந்தால் இதையெல்லாம் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே தீர்ப்புதான்: "ஒழுங்கா இருந்த புள்ளய வந்தவ பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா."

எனக்கு இந்தத் தீர்ப்பில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. அம்மாவிடம் சொன்னால், "ஒனக்கு என்னடி தெரியும், பெத்தவ மனசு" என்பார். பெற்றவள் மனசு எனக்கும் புரியும். ஆனால் ஒரு குடும்பம் உடைந்தால் உடனே வாக்கப்பட்டு வந்தவளை மட்டும் கூண்டில் நிறுத்துகிறோமே, அந்தக் குடும்பம் கல்யாணத்துக்கு என்ன நிபந்தனை வைத்தது, மீறினால் யாரிடமிருந்து என்ன பறித்தது என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை? அரச குடும்பங்களில் இந்தக் கணக்கு எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது, அதனால் பார்ப்பது சுலபம். அதோடு நாங்கள் இருப்பது சேதுபதி ராஜாக்கள் ஆண்ட ராமநாதபுரச் சீமை. இந்தக் கணக்கு எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது.

முதலில் ஹாரி கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அரைகுறையாகத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். 2018 மே 19இல் வின்சர் கோட்டையிலுள்ள தேவாலயத்தில் கல்யாணம். மேகன் அமெரிக்க நடிகை, முன்பே மணமாகி விவாகரத்து ஆனவர், தாய் கறுப்பினப் பெண். அங்கே அரியணை வரிசையில் முதல் ஆறு பேருக்குள் இருப்பவர் கல்யாணம் செய்ய ஆளும் அரசரின் சம்மதம் வேண்டும், சட்டமே அப்படி. ஹாரி கல்யாணத்தின்போது ஆறாவது ஆள். எலிசபெத் ராணி சம்மதம் கொடுத்தார், கல்யாணம் ஊரறிய நடந்தது. ஆனால் பத்திரிகைகள் அந்தப் பெண்ணைத் துரத்தத் தொடங்கியது அதற்கெல்லாம் முன்னாடியே. 2016 நவம்பரில், காதல் செய்தி வெளியே வந்த கையோடு, எழுதுவதில் இனவெறி வாடை அடிக்கிறது, நிறுத்துங்கள் என்று ஹாரி தரப்பிலிருந்து அறிக்கையே விட வேண்டியிருந்தது. வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே ஒருத்தி மேல் விழுந்த அடி அது.

2020 ஜனவரி 8ஆம் தேதி இருவரும் அறிவித்தது என்ன என்று பார்த்தால், முழுசாக அறுத்துக்கொண்டு போகிறோம் என்று அவர்கள் சொல்லவே இல்லை. முன்வரிசைப் பொறுப்பிலிருந்து பின்வாங்குகிறோம், சொந்தக் காலில் சம்பாதிக்கிறோம், ராணிக்குத் தொடர்ந்து துணையாக இருப்போம் என்றுதான் சொன்னார்கள். ஐந்தாம் நாள் சாண்ட்ரிங்காம் மாளிகையில் குடும்பம் கூடியது. பாதி உள்ளே பாதி வெளியே என்பது கிடையாது, இருந்தால் இரு, இல்லாவிட்டால் போ. மார்ச் 31ஓடு பொறுப்புகள் முடிந்தன, மேன்மை தங்கிய என்ற பட்டத்தைப் புழங்கக் கூடாது என்றாகிவிட்டது, குடியிருந்த வீட்டைப் பழுதுபார்த்த அரசுப் பணம் 24 லட்சம் பவுண்டைத் திருப்பிக் கட்டினார்கள். இதெல்லாம்கூட நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். வேலை பார்க்கவில்லை என்றால் சம்பளம் இல்லை, சரி. ஆனால் கூடவே போலீஸ் பாதுகாப்பையும் குறைத்தார்களே, அங்கேதான் எனக்கு மனசு ஆறவில்லை. ஹாரி அதற்காக வருஷக்கணக்கில் வழக்கு நடத்தி 2025 மே மாதம் மேல்முறையீட்டிலும் தோற்றார். அவருக்கு ஆபத்து அரண்மனை வேலையால் வந்ததில்லை, அந்த வயிற்றில் பிறந்ததால் வந்தது. வேலையை விடலாம், பிறந்ததை எங்கே கொண்டுபோய் விடுவது?

அவர் அம்மா டயானா 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில், பின்னாலேயே பத்திரிகைக்குப் படம் எடுக்கும் படக்காரர்கள் துரத்திவர, கார் விபத்தில் செத்தார். பன்னிரண்டு வயசுப் பையன் அம்மாவின் பெட்டிக்குப் பின்னால், உலகமே டிவியில் பார்க்க, தெருவில் நடந்தான். நம்ம ஊரில் சாவு விழுந்தால் சின்னப் பிள்ளையை யாராவது ஒரு அத்தை இழுத்து அணைத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். அந்தப் பையன் வளர்ந்து, அதே படக்காரர்கள் தன் பெண்டாட்டியையும் துரத்துவதைப் பார்த்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் செய்வான். இதை அம்மாவிடம் சொன்னபோதுதான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். (மதினி மட்டும், "அதுக்காக வீட்டு விஷயத்த டிவில பேசலாமா?" என்றார். 2021 மார்ச்சில் வந்த பேட்டியைச் சொல்கிறார். அது எனக்கும் முழுக்க உவப்பில்லைதான், ஆனால் ஊர் முழுக்க ஒரு தரப்புக் கதையே பேசிக்கொண்டிருந்தால் அடுத்த தரப்பு எங்கே போய்ப் பேசும்?)

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் போகும் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், முதலில் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். டிக்கெட் கேட்கும்போது தினம் வாயில் வரும் பெயர்கள். இவற்றுக்கு வழிவழியாகச் சொல்லும் கதை இது. விஜய ரகுநாத சேதுபதி, 1710இல் பட்டத்துக்கு வந்தவர், தன் இரண்டு மகள்களையும் தண்டத்தேவர் என்ற ஒருவருக்கே கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்குப் பாம்பன் பக்கம் அதிகாரம். ராமேஸ்வரத்துக்கு யாத்திரை வரும் ஏழை எளியவர்களிடம் அவர் காசு வாங்கிக்கொண்டுதான் கடலைக் கடக்க விட்டார். சாமி பார்க்க வருகிறவனிடம் வரி வாங்கினது சிவத்துரோகம் என்று சேதுபதிக்குப் புகார் போனது. அவர் மாப்பிள்ளை என்று பார்க்காமல் மரண தண்டனை கொடுத்தார். அக்கா தங்கச்சி இரண்டு பேரும் உடன்கட்டை ஏறினார்கள். அவர்கள் நினைவாகக் கட்டிய மடங்கள்தான் இன்றைக்கு ஊர்ப் பெயர்.

இந்தக் கதையைச் சின்ன வயதில் எனக்குச் சொன்ன அத்தனை பேரும் சேதுபதியின் நீதியைச் சொல்லத்தான் சொன்னார்கள். சொந்த மருமகனையே விடவில்லை பார், அப்பேர்ப்பட்ட ராஜா. எனக்கு விவரம் தெரிந்த பிறகு அந்தப் பெண்கள் இரண்டு பேர் பக்கமிருந்து இந்தக் கதையைப் பார்க்க ஆரம்பித்தேன், அப்புறம் பழையபடி பார்க்க முடியவில்லை. யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பது அப்பா முடிவு. ஒரே ஆளுக்கு இரண்டு பேரையும் கொடுத்தது அப்பா முடிவு. அவனைக் கொன்றதும் அப்பா முடிவு. தீயில் இறங்கியது மட்டும் அவர்கள். "எனக்கு இந்த அரண்மனையும் வேண்டாம், இந்தச் சாவும் வேண்டாம், நான் பாட்டுக்கு எங்கேயாவது போய் இருக்கிறேன்" என்று சொல்ல அந்தக் காலத்தில் ஒரு ராஜா மகளுக்கு வழியே இல்லை. தங்கச்சிமடத்தில் பிறந்து வளர்ந்துவிட்டு, ஒருத்தி அரண்மனையை விட்டு நடந்து வெளியே போனாள் என்ற செய்தியைக் கேட்டால் எனக்கு முதலில் வருவது நிம்மதிதான். உயிரோடு போனாளே.

அதே சேதுபதிக்கு முந்தியவர் கிழவன் சேதுபதி. எங்கள் சீமையின் பெரிய ராஜா, கோட்டையைக் கட்டியவர், மதுரை நாயக்கர் பிடியிலிருந்து நாட்டை விடுவித்தவர், இதெல்லாம் பெருமைதான், மறுக்கவில்லை. 1710இல் அவர் இறந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் அவரோடு தீயில் எரிந்தார்கள் என்று அந்தக் காலத்து ஏசு சபைப் பாதிரியார் ஒருவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நாற்பத்தேழு. ராமநாதபுரம் அரண்மனையில் ராமலிங்க விலாசத்தைச் சுற்றிப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது சுவர் ஓவியத்தைக் காட்டுகிறோம், வாளைக் காட்டுகிறோம். இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன்.

இன்னொன்று, இது எங்கள் கிறிஸ்தவர்களுக்கு நெருக்கமானது. ஓரியூருக்கு நாங்கள் சின்ன வயசிலிருந்தே போகிறோம். ஜான் டி பிரிட்டோ என்ற போர்த்துகீசியப் பாதிரியார் அருளானந்தர் வெட்டுப்பட்ட இடம், சிவப்பு மண், ஒரு பொட்டலம் மடித்துக்கொண்டு வருவோம், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் நெற்றியில் பூசுவோம். அவர் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி கொல்லப்பட்டார், 1947இல் புனிதர் பட்டம் கிடைத்தது. ஏன் கொல்லப்பட்டார்? பூசையில் சொல்வது, ஒரு பெண்ணின் கோபத்தால் என்று. தடியத்தேவர் என்ற மறவர் குல இளவரசர் நோய் குணமாகி ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பல பேர். ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினால்தான் ஞானஸ்நானம் என்பது திருச்சபையின் விதி, அவரும் விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவள் போய்ச் சேதுபதியிடம் முறையிட்டாள். அதற்கு மேல் அரசியலும் சேர்ந்துகொண்டது, ஏனென்றால் தடியத்தேவருக்கும் அந்தப் பட்டத்தில் உரிமை பேசும் வம்சம், அவர் பின்னால் ஆட்கள் திரள்வது சேதுபதிக்குப் பிடிக்காது.

நான் அருளானந்தரைக் கும்பிடுகிறவள், இனியும் கும்பிடுவேன். ஆனால் அந்த இளையவள் செய்த தப்பு என்ன? கட்டிக்கொடுத்தார்கள், வந்தாள். ஒரு நாள் காலையில் நீ மனைவி இல்லை என்றார்கள். அவளுக்கு வேறு கல்யாணம் கிடையாது, பிறந்த வீட்டுக்குப் போனால் பேர் கெட்டது கெட்டதுதான். அவள் தன் சொந்தக்கார ராஜா வாசலில் போய் அழுதாள், அழுததற்கு முந்நூறு வருஷமாய்ப் பழி சுமக்கிறாள். பிரசங்கத்தில் யாராவது ஒரு சாமியார் அவளுக்காகவும் ஒரு வார்த்தை பேசினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் நினைக்கிறேன்.

புதுக்கோட்டைக்குப் போவோம், இங்கிருந்து தூரமில்லை. உறவும் தூரமில்லை. கிழவன் சேதுபதி கள்ளர் குலத்துக் காதலி நாச்சியாரை மணந்தார், அந்த அம்மாவின் அண்ணன் ரகுநாதத் தொண்டைமானுக்குத்தான் புதுக்கோட்டைப் பகுதியைக் கொடுத்தார், அப்படி எழும்பியதுதான் தொண்டைமான் சமஸ்தானம். ஒரு கல்யாணத்தில் பிறந்த ராஜ்ஜியம் என்றே சொல்லலாம். அந்த வம்சத்தில் வந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் கதையை நம்ம ஆட்கள் மறந்துவிட்டது எனக்கு ஆச்சரியம். ஹாரி மேகன் கதை நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே நடந்து முடிந்துவிட்டது, ஒவ்வொரு படியும் அப்படியே.

1875இல் பிறந்து சின்ன வயசிலேயே பட்டத்துக்கு வந்தவர். ஆங்கிலேய ஆசிரியரிடம் படித்து, கிரிக்கெட், குதிரை, ஐரோப்பியப் பயணம் என்று வளர்ந்தவர். 1915இல் ஆஸ்திரேலியா போன இடத்தில் மோலி ஃபிங்க் என்ற மெல்போர்ன் பெண்ணைச் சந்தித்தார், அந்த வருஷம் ஆகஸ்ட் 10ஆம் தேதி மெல்போர்னிலேயே பதிவுத் திருமணம். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு வந்தார். ஊர் ஜனங்களை விட அதிகமாய்க் கொதித்தது பிரிட்டிஷ் அரசாங்கம். ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்திய ராஜாவுக்கு வாக்கப்படுவதா? மோலியை மகாராணி என்று ஏற்க மாட்டோம், பிறக்கும் பிள்ளைக்குப் பட்டத்தில் உரிமை கிடையாது என்றார்கள். அந்த அம்மாவோடு வெள்ளைக்கார அதிகாரிகள் வீட்டுப் பெண்கள் பழகவில்லை. தன் இனத்து ஆட்களே விலக்கிவைத்த ஒருத்தி, புதுக்கோட்டை வெயிலில், பாஷை தெரியாத அரண்மனையில், வயிற்றில் பிள்ளையோடு. அந்த நேரத்தில் மோலிக்கு உடம்பு மோசமானது, அரளி விஷம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. இரண்டு பேரும் 1916இல் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிப் போனார்கள். அந்த ஜூலையில் மகன் பிறந்தான், மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள்.

ராஜா சும்மா விடவில்லை, மகனை ஏற்கச் சொல்லி வருஷக்கணக்கில் மனு போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் நிர்வாகத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு மனைவி மகனோடு ஐரோப்பாவில் குடியேறினார். 1928 மே மாதம் பாரிஸில் இறந்தார். சொந்த மண்ணில் சிதை இல்லை, லண்டனில் கோல்டர்ஸ் கிரீன் என்ற இடத்தில் தகனம் செய்தார்கள். பட்டம் அந்தக் குடும்பத்திலேயே வேறு கிளையில் பிறந்த சின்னப் பையன் ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போனது. மோலி அதன் பிறகு 39 வருஷம் இருந்து, 1967இல் பிரான்சில் கான் நகரத்தில் இறந்தார்.

"ஒரு வெள்ளைக்காரிக்காக நாட்டையே விட்டுட்டுப் போனான்" என்றுதான் புதுக்கோட்டைப் பக்கம் வயசானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் நாட்டை விடவில்லை ஐயா. நாட்டை வைத்துக்கொள், பிள்ளையை விடு என்றார்கள். அவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். இதில் பழிக்க என்ன இருக்கிறது? ராஜாவாகவே இருந்திருந்தால் வரி கொஞ்சம் கூடியிருக்கும் குறைந்திருக்கும், 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்திருக்கும், 1971இல் இந்திய ராஜாக்கள் எல்லாருக்கும் மானியமும் பட்டமும் சட்டத்திருத்தத்தால் போனதுபோல இவர்களுக்கும் போயிருக்கும்.

அதே சமயம், விட்டுப் போனவர்கள் எல்லாரையும் தூக்கி வைத்துக்கொண்டாட நான் வரவில்லை. எட்டாம் எட்வர்டைப் பாருங்கள். 1936 ஜனவரியில் இங்கிலாந்து ராஜாவானவர், டிசம்பரில் முடியைத் துறந்தார், ஏற்கெனவே இரண்டு முறை மணமான வாலிஸ் சிம்ப்சனைக் கட்டுவதற்காக. மகாராணிப் பட்டம் இல்லாமல், பிள்ளைகளுக்கு உரிமை இல்லாமல் கட்டிக்கொள்கிறேன் என்று இறங்கி வந்து கேட்டார், அதையும் மந்திரிசபை ஒப்பவில்லை. அவர் காதலை நான் சந்தேகப்படவில்லை, கடைசிவரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். ஆனால் விட்டு வந்த பிறகும் அவர் மனசு அரண்மனையிலேயே கிடந்தது. மனைவிக்கு மேன்மை தங்கிய என்ற பட்டம் தரவில்லை என்பதே ஆயுசு முழுக்கக் குறை. அதைவிட மோசம், 1937 அக்டோபரில் மனைவியோடு ஜெர்மனிக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்து ராஜ மரியாதையை வாங்கிக்கொண்டார். மரியாதை எங்கே கிடைத்தாலும் சரி என்று போகிறவரை எனக்கு மதிக்கத் தோன்றவில்லை. அவருடைய தம்பி மகள் மார்கரெட்டோ உள்ளேயே இருந்துவிட்டார். விவாகரத்தான விமானப்படை அதிகாரி டவுன்செண்டைக் கட்ட மாட்டேன் என்று 1955இல் அறிக்கை விட்டார், பிறகு வேறொருவரைக் கட்டி 1978இல் அதுவும் விவாகரத்தில் முடிந்தது. எந்த விவாகரத்தைக் காட்டி முதல் கல்யாணத்தைத் தடுத்தார்களோ, அதுவே வீட்டுக்குள் வந்தது.

எனக்கு மனசுக்கு நெருக்கமானவள் ஜப்பான் இளவரசி மாகோ. அவளைப் பற்றித் தமிழில் யாரும் அதிகம் எழுதவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பான் சட்டப்படி அரச குடும்பத்துப் பெண் சாதாரணக் குடிமகனைக் கட்டினால் அன்றைக்கே அரச குடும்பத்தை விட்டு வெளியே. ஆண் சாதாரணப் பெண்ணைக் கட்டலாம், அவளும் உள்ளே வந்துவிடுவாள். 1959இல் அப்படி வந்த மிச்சிகோ பின்னால் பேரரசியானார், 1993இல் வந்த மசாகோ இப்போது பேரரசி. வந்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை, மசாகோவுக்கு மனநோய் வரும் அளவுக்கு ஆண் பிள்ளை, ஆண் பிள்ளை என்ற நெருக்கடி. மகள் ஐகோ பேரரசரின் ஒரே பிள்ளை, ஆனாலும் பெண் என்பதால் பட்டம் இல்லை.

மாகோ இப்போதைய பேரரசரின் தம்பி மகள். கூடப் படித்த கெய் கொமுரோவைக் கட்டப்போவதாக 2017 செப்டம்பரில் அறிவித்தார்கள். முதலில் ஊரே சந்தோஷப்பட்டது. அடுத்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அவரைக் கட்டுவதாக இருந்த ஒருவருக்கும் நடுவே 40 லட்சம் யென் கொடுக்கல் வாங்கல் தகராறு என்று பத்திரிகைகள் கிளப்பின. பையன் வாங்கிய கடன்கூட இல்லை, அவன் அம்மா விஷயம். 2018 பிப்ரவரியில் கல்யாணம் தள்ளிப்போனது. அவன் அமெரிக்காவுக்குச் சட்டம் படிக்கப் போனான். மூன்று வருஷத்துக்கும் மேல் இரண்டு பேரும் ஆளுக்கொரு கண்டத்தில். 2021இல் அவன் திரும்பி வந்து இறங்கியபோது பின்னால் குடுமி போட்டிருந்தான், அது தேசியச் செய்தி ஆனது! மாகோவுக்கு மனஅழுத்த நோய் வந்துவிட்டதாக அரண்மனையே அறிவித்தது.

2021 அக்டோபர் 26ஆம் தேதி கல்யாணம். சடங்கு இல்லை, விருந்து இல்லை, பதிவு மட்டும். வெளியேறும் இளவரசிக்கு அரசு கொடுக்கும் தொகை ஏறக்குறைய 15 கோடி யென், அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டு வாசலில் அப்பா அம்மாவுக்குக் குனிந்து வணக்கம், தங்கச்சி காகோவைக் கட்டிப்பிடித்து ஒரு நிமிஷம், அப்புறம் கார். அரச குடும்பத்தார்க்கு அங்கே குடும்பப் பெயர் கிடையாது, குடிமக்கள் பதிவேட்டில் பெயர் கிடையாது, ஓட்டுரிமை கிடையாது. முப்பது வயசில்தான் அவளுக்கு முதல்முறையாக ஒரு முழுப் பெயர், மாகோ கொமுரோ. பாஸ்போர்ட் வாங்கி அடுத்த மாதமே நியூயார்க் போனார்கள். அவன் வக்கீல் தேர்வில் இரண்டு முறை தோற்று 2022இல் மூன்றாவது முறை பாஸானான். அதையும் ஜப்பான் பத்திரிகைகள் ஒவ்வொரு முறையும் எழுதின. 2025இல் குழந்தை பிறந்த செய்தி வந்தது. இரண்டு பேரும் அரண்மனையில் யாரையும் குறை சொல்லிப் பேட்டி கொடுக்கவில்லை.

இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி: "பணத்த ஏன் வேணாம்னா? அது அவ பங்குதான?" நல்ல கேள்வி. அது அவள் பங்குதான். வாங்கியிருந்தால் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பணத்தைக் காட்டியே ஊர் அவளை மூன்று வருஷம் கேள்வி கேட்டது, வரிப்பணம் அந்தப் பையனின் அம்மா கடனுக்குப் போகுமா என்று. வாங்கினால் ஆயுசு முழுக்கக் கணக்கு கேட்பார்கள், அதற்கு வெறுங்கையோடு போவது மேல் என்று நினைத்திருப்பாள் என்பது என் ஊகம்.

என் சித்தி மகள் அப்படித்தான் போனாள். வேறு ஆட்கள் வீட்டுப் பையன், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சித்தப்பா "எனக்குப் பொண்ணே பொறக்கல" என்று தலைமுழுகிவிட்டார். அவளுக்கென்று சேர்த்து வைத்திருந்த நகையில் ஒரு குண்டுமணிகூட எடுத்துக்கொள்ளவில்லை, காதில் கிடந்த தோட்டையும் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள். ஊர் என்ன பேசியது தெரியுமா? அந்தப் பையன் மயக்கிக் கூட்டிப் போய்விட்டான் என்று. அவளுக்குச் சொந்தமாக ஒரு மனசும் இரண்டு காலும் இருக்கிறது என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. ஹாரியை மேகன் கூட்டிப் போனாள், மார்த்தாண்டரை மோலி கூட்டிப் போனாள், இவளை அவன் கூட்டிப் போனான். போனவர்கள் தாமாகப் போனார்கள் என்று ஒத்துக்கொண்டால் ஏன் போனார்கள் என்று நம்மைப் பார்த்துக் கேள்வி வரும், அதனால்தான் ஒத்துக்கொள்வதில்லை என்று நினைக்கிறேன். அம்மா மட்டும் அவளோடு போனில் பேசுகிறார், சித்தப்பாவுக்குத் தெரியாமல். மேகனைத் திட்டும் அதே அம்மாதான்.

ஜப்பானில் இப்போது அரச குடும்பத்தில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது என்று கவலைப்படுகிறார்கள். பெண்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகி வெளியே போனால் பிறகு யார் இருப்பார்கள்? அதனால் இனி இளவரசிகள் கல்யாணத்துக்குப் பிறகும் அரச குடும்பத்திலேயே இருக்கலாம் என்று சட்டத்தை மாற்றலாமா என அரசியல் கட்சிகள் பேசுகின்றன. அதில் ஒரு யோசனை, பெண் மட்டும் இளவரசியாக இருப்பாள், கட்டியவனும் பெற்ற பிள்ளையும் சாதாரணக் குடிகளாகவே இருப்பார்கள் என்பது. படித்ததும் எனக்குப் புதுக்கோட்டைதான் ஞாபகம் வந்தது. நீ ராஜா, உன் மனைவி யாரோ, உன் பிள்ளை யாரோ. அதைத்தான் 1915இல் மார்த்தாண்டருக்கும் சொன்னார்கள். ஐகோவுக்கோ காகோவுக்கோ நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால், ஒரே வீட்டில் அம்மாவுக்குக் குடும்பப் பெயர் இல்லை, பிள்ளைக்கு இருக்கும். அம்மாவுக்கு ஓட்டு இல்லை, பிள்ளைக்கு இருக்கும். அம்மாவுக்குக் காவல் இருக்கும், பிள்ளைக்கு உண்டா என்று தெரியாது. இப்படி ஒரு சட்டம் போடுவதை விட, மாகோவுக்குத் திறந்த கதவை அப்படியே திறந்து வைத்துவிட்டு, உள்ளே இருக்க விரும்பும் பெண்ணுக்குக் கணவன் பிள்ளைகளோடு முழு இடம் கொடுங்கள், பட்டத்துக்கும் உரிமை கொடுங்கள். அதைக் கொடுக்க மனசில்லை என்றால் ஆள் குறைகிறது என்று புலம்புவதை நிறுத்துங்கள்.